வளரிளம் பருவமும் கைப்பேசியும்: வீட்டில் பேசவேண்டியவை, தொல்லை நேர்ந்தால் செய்யவேண்டியவை

திண்டுக்கல் மாவட்டத்தின் ஊர்ப்புறங்களில் ஒரு பெண்குழந்தை பூப்பெய்தினால் அச்செய்தி மறைவாக இருப்பதில்லை. பேருந்து நிறுத்தத்தில் அவளுடைய படத்துடன் பதாகை எழுகிறது. தாய்மாமன் சீர் மேளதாளத்துடன் வருகிறது. பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் உறவினர் அனைவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இடம்பெறுகிறது. ஊருக்கே அறிவிக்கப்படும் இம்மாற்றம் எதனால் நிகழ்கிறது, இனி உடலில் என்னென்ன நடக்கும் என்பவற்றை அந்தக் குழந்தையை அருகில் அமர்த்திச் சொல்பவர் மட்டும் பல வீடுகளில் இல்லை. ஆண்பிள்ளைகளுக்கோ சடங்கும் இல்லை, விளக்கமும் இல்லை. எஞ்சிய விளக்கத்தை இன்று கைப்பேசி தருகிறது. அதுவும் யாரும் கேட்காத வகையில் தருகிறது.

பாலியல் கல்வி என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் பலர் முகம் சுளிப்பதை மருத்துவர்களாகிய நாங்கள் அறிவோம். உடலுறவைப் பற்றிய பாடம் என்று அதைக் கருதிவிடுவதே காரணம். தன் உடலின் உறுப்புகளைப் பெயர் சொல்லி அறிவது, பருவமாற்றத்தை அச்சமின்றி எதிர்கொள்வது, தன் உடலைத் தொட யாருக்கு உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்று உணர்வது, பிறர் உடலை மதிப்பது, தொல்லை நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்று தெரிந்திருப்பது ஆகியவையே அதன் பெரும்பகுதி. இத்தகைய கல்வி பிள்ளைகளைத் தவறான வழியில் செலுத்தும் என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை. யுனெஸ்கோ 2009-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய வழிகாட்டி நூல், பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, முறையான பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் முன்னதாகவே உடலுறவில் ஈடுபடுவதில்லை என்ற முடிவுக்கே வந்துள்ளது.

இருப்பினும் எதிர்ப்பு எளிதில் அடங்கவில்லை. 2005-இல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் பல மாநிலங்கள் நிறுத்திவைத்தன. பிறகு 2020-இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் வந்த பள்ளி நலத்திட்டத்தின் 11 கருப்பொருள்களில் இனப்பெருக்க நலம், வன்முறைத் தடுப்பு ஆகியவற்றோடு இணையத்தையும் சமூக ஊடகத்தையும் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதும் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டின் எட்டாம் வகுப்பு அறிவியல் நூலிலேயே ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. ஆசிரியர் கூச்சப்பட்டு ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று அதைக் கடந்துவிடுவதும், வீட்டில் யாரும் அதைத் திறக்காமலிருப்பதும் உண்டு. உங்கள் பிள்ளை எட்டாம் வகுப்பில் படித்தால் அந்தப் பாடத்தை நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது பத்து நிமிடங்களில் தெரிந்துவிடும்.

கொடைரோட்டுக்கு இது புதிதா?

கொடைரோட்டிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில் இருக்கும் காந்திகிராமத்தை இப்பகுதியினர் அனைவரும் அறிவர். இளம் வயதில் மணமுடித்து, இளமையிலேயே கணவரை இழந்து, தில்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் பயின்ற மருத்துவர் சௌந்தரம் அம்மையார், கணவர் கோ. இராமச்சந்திரனுடன் 1947-இல் அதை நிறுவினார். 1959-இல் ஆத்தூர் ஒன்றியத்தில் தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் திட்டத்தின் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று குடும்பநலம் பேசினர். அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், எழுத்தறிவு குறைந்திருந்த காலத்தில், கருத்தடை பற்றித் திண்ணையில் அமர்ந்து பேச முடிந்த மண் இது. பின்னர் எய்ட்ஸ் விழிப்புணர்வுக் காலத்தில் சுவர்தோறும் புள்ளிராஜா என்ற பெயரைப் பார்த்து வளர்ந்த தலைமுறையினரே இன்று பெற்றோராக இருக்கிறார்கள். அன்று பேச முடிந்ததை இன்று நம் பிள்ளைகளிடம் பேச முடியாது என்று கருதக் காரணமில்லை.

மாறியிருப்பது வீட்டுச் சூழல்தான். நிலக்கோட்டைச் சந்தைக்குப் போகும் மல்லிகை விடியுமுன் பறிக்கப்பட வேண்டும். சிறுமலை அடிவாரத் திராட்சைத் தோட்டங்களிலும் நூற்பாலைகளிலும் வேலைக்குச் செல்லும் தாய், பிள்ளை கண்விழிக்கும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறார். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் படிக்கவென்று வாங்கித் தரப்பட்ட கைப்பேசி, பள்ளிகள் திறந்த பின்னும் பிள்ளைகளின் கையைவிட்டு அகலவில்லை. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது தேவையாகவும் இருக்கிறது. பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததா என்று கேட்பதற்கு வேறு வழியில்லை. ஆகவே ‘கைப்பேசியே கொடுக்காதீர்கள்’ என்ற அறிவுரையை இக்கட்டுரையில் நீங்கள் காணமாட்டீர்கள்.

உடலைப் பற்றிச் சொல்லித் தருதல்

மூன்று வயதுக் குழந்தைக்குக் கண், காது, மூக்கு என்று கற்றுத் தருகிறோம். இடுப்புக்குக் கீழே வந்ததும் செல்லப் பெயர்களுக்குத் தாவிவிடுகிறோம். ஆண்குறி, பெண்குறி, மார்பு, ஆசனவாய் என்ற சொற்கள் கெட்ட சொற்கள் அல்ல. ‘அங்கே வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லத் தெரிந்த குழந்தையை வயிற்று வலி என்று கருதிச் சோதிக்கும் நிலை மருத்துவருக்கு ஏற்படுகிறது. தனக்கு நேர்ந்த தீங்கைச் சொல்ல வேண்டிய குழந்தைக்கோ சொல்லே இல்லாமற் போகிறது. பெயர் தெரிந்த குழந்தையால் புகார் சொல்ல முடியும். தீங்கு செய்பவருக்கும் இது தெரியும்.

பெண்குழந்தைகளுக்குப் பருவமாற்றம் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்குகிறது. முதல் அறிகுறி மார்பு வளர்ச்சி. அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வருகிறது. எனவே மார்பு வளர்ச்சி தென்பட்டவுடனேயே மாதவிடாய் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரத்தத்தைக் கண்டு குழந்தை அஞ்சி அழுத பின்னர் அன்று. முதல் இரண்டு ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்கற்றிருப்பது இயல்பு. ஏழு நாளுக்கு மேல் இரத்தப்போக்கு நீடித்தாலோ, ஒரு மணி நேரத்திற்கு ஓர் அணையாடை நனைந்தாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ, 8 வயதுக்கு முன்பே மார்பு வளர்ச்சி தொடங்கினாலோ மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். சடங்கின்போது தரும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நல்ல உணவுகளே; அவற்றை விடவேண்டியதில்லை. தனிக் குச்சில் ஒதுக்கிவைப்பதும், நீராடவிடாமல் தடுப்பதும்தான் தேவையற்றவை. பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை வீசிவிடாமல் உண்ணச் சொல்லுங்கள்.

பதாகையைப் பற்றி ஒரு சொல். குழந்தையின் படம், பெயர், தந்தை பெயர், ஊர், பூப்பெய்தினாள் என்ற செய்தி ஆகிய அனைத்தையும் ஒரே இடத்தில் அச்சிட்டு நெடுஞ்சாலையில் நிறுத்துகிறோம். அதையே படமெடுத்து இணையத்திலும் இடுகிறோம். விழா எடுப்பது உங்கள் விருப்பம். படத்தையும் முழுப்பெயரையும் தவிர்த்தால் விழாவின் சிறப்பு குறையாது. அந்தப் படம் வெளியாவதில் அவளுக்குச் சம்மதமா என்று அவளிடம் கேட்டவர்கள் மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆண்பிள்ளைகளிடம் யாரும் பேசுவதில்லை

ஆண்பிள்ளைகளுக்கு மாற்றம் 9 முதல் 14 வயதுக்குள் தொடங்கும். விதைகள் பெரிதாவது முதல் அறிகுறி. குரல் உடைவதும் மீசை அரும்புவதும் பின்னர் வருபவை. உறக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பான உடல் நிகழ்வு. நோயன்று, ‘தாது நஷ்டம்’ அன்று. ஏறத்தாழ பாதி ஆண்பிள்ளைகளுக்கு இப்பருவத்தில் மார்பு சற்றே புடைத்து வலிக்கும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே சரியாகிவிடும். இதை யாரும் சொல்லாததால் கிணற்றில் குளிப்பதையும், சட்டையைக் கழற்றி விளையாடுவதையும் நிறுத்திவிட்டு ஒதுங்கி வாழும் சிறுவர்கள் இருக்கிறார்கள். 14 வயதாகியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் மட்டும் மருத்துவ ஆலோசனை தேவை.

ஒரு துளி விந்து பல துளி இரத்தத்துக்குச் சமம் என்ற கதைக்கு உடலியலில் இடமில்லை. விந்து நாள்தோறும் உடலில் உருவாகும் சுரப்பு. சுய இன்பத்தால் நினைவாற்றல் குறைவதோ, நரம்பு தளர்வதோ, ஆண்மை இழப்பதோ நேராது. இவ்வச்சத்தால் உடல் சோர்வும் பதற்றமும் அடைவோரை நம் நாட்டு மனநல மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவருகின்றனர். மருத்துவர் நரேந்திர விக் 1960-இல் இதற்குத் தாது நோய்க்குறி என்றே பெயரிட்டார். பேருந்து நிலையச் சுவரொட்டிகளும், மாதம் ஒருமுறை விடுதி அறையில் தங்கி மருந்து விற்போரும், இன்று குறும்காணொளி விளம்பரங்களும் வாழ்வது இந்த அச்சத்தை வைத்துத்தான். 15 வயதுச் சிறுவன் வீட்டிலிருந்து பணம் எடுத்து லேகியம் வாங்குகிறான் என்றால், அவனைத் திருடன் என்று அடிப்பதற்கு முன்னர் எதற்கு அஞ்சுகிறான் என்று கேளுங்கள்.

ஆபாசக் காணொளிகளைப் பற்றியும் மகனிடம் பேசத்தான் வேண்டும். ‘பார்த்தாயா’ என்று விசாரிப்பதில் பயனில்லை. பொய்தான் பதிலாக வரும். ‘அதில் காட்டப்படுவது நடிப்பு. எதிரில் இருப்பவரின் விருப்பம் அதில் கேட்கப்படுவதே இல்லை. வாழ்க்கையில் விருப்பம் கேட்காமல் தொட்டால் அது குற்றம்’ என்று நேராகச் சொல்லிவிடலாம். தந்தை இதைச் சொன்னால் நன்று. தாய் சொன்னாலும் தவறில்லை.

தொடுதல் பற்றி

இரயில் நிலையமும் சுங்கச்சாவடியும் உள்ள ஊரில், கொடைக்கானலுக்குச் செல்லும் வெளியூர்க்காரர்கள் நாள்தோறும் வந்திறங்கும் இடத்தில், ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்று எண்ணுவது இயல்பு. 2007-இல் மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக 53.22 விழுக்காட்டுக் குழந்தைகள் கூறினர். அவர்களுள் ஆண்பிள்ளைகள் பாதிக்கும் சற்றே மேல். தொல்லை தந்தவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்தவர்கள்.

ஆகவே ‘தெரியாத ஆளிடம் போகாதே’ என்பது பாதிப் பாடமே. நீச்சலுடை மறைக்கும் பகுதிகளைப் பெற்றோர் குளிப்பாட்டும்போதும், மருத்துவர் பெற்றோர் முன்னிலையில் சோதிக்கும்போதும் அன்றி வேறு யாரும் தொடவோ பார்க்கவோ கூடாது. தம் உறுப்பைத் தொடச் சொல்லவும் கூடாது. யாராக இருந்தாலும் இதுவே விதி என்று கற்பிக்க வேண்டும். ‘இது நம் இரகசியம், அம்மாவிடம் சொல்லாதே’ என்று பெரியவர் ஒருவர் சொன்னால் அதை அன்றே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்பதைவிடப் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்ற சொற்களே சிறந்தவை. கெட்டது தனக்கு நேர்ந்தால் தானும் கெட்டுவிட்டதாகக் குழந்தை எண்ணிவிடும்.

‘மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு’ என்று வற்புறுத்துவதையும், முறைக்காரர் ஐந்து வயதுப் பெண்ணிடம் ‘என்னைக் கட்டிக்கிறாயா’ என்று கேட்டு அவள் ஓடி ஒளிவதைக் கண்டு சிரிப்பதையும் நம் வீடுகளில் விளையாட்டாகவே கருதுகிறோம். வேண்டாம் என்று சொல்லும் பழக்கத்தைக் குழந்தை அங்கேதான் கற்கவோ மறக்கவோ செய்கிறது. வணக்கம் சொன்னால் போதும் என்று விட்டுவிடுங்கள். உறவு முறியாது.

கைப்பேசி வழியே வரும் ஆள்

இணையத்தில் குழந்தையை நெருங்குபவர் முதல் நாளே தீய சொல் பேசுவதில்லை. விளையாட்டுச் செயலியின் உரையாடலிலோ இன்ஸ்டாகிராமிலோ அறிமுகமாகிறார். தன்னை அதே வயதினராகக் காட்டிக்கொள்கிறார். படத்தைப் புகழ்கிறார், விளையாட்டுக்கான வைரங்களையோ ரீசார்ஜையோ அனுப்புகிறார். வீட்டில் திட்டு வாங்கிய நாளில் ஆறுதல் சொல்கிறார். பிறகு உரையாடலை வாட்ஸ்அப்புக்கு மாற்றச் சொல்கிறார். முகப்படம், பின்னர் வேறு படம். அப்படம் கிடைத்த மறுநிமிடமே குரல் மாறிவிடுகிறது. ஆண்பிள்ளைகளிடம் இது இன்னும் விரைவாக நடக்கிறது. பெண் பெயரில் ஒரு கணக்கு, ஒரு காணொளி அழைப்பு, திரைப்பதிவு, உடனே பணம் கேட்டு மிரட்டல். படமே அனுப்பாத பிள்ளைகளும் தப்புவதில்லை. ஸ்டேட்டஸில் இருக்கும் சாதாரண முகப்படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியால் நிர்வாணப் படமாக மாற்றி மிரட்டுவது இப்போது எளிதாகிவிட்டது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மிரட்டுபவரின் கையிலுள்ள மிகப்பெரிய ஆயுதம் அந்தப் படமன்று. ‘உன் அப்பாவிடம் அனுப்பிவிடுவேன்’ என்ற சொல்தான் அவருடைய ஆயுதம். சொன்னால் அடி விழும், போன் போய்விடும், பள்ளிக்கூடம் நின்றுவிடும், அவசரமாகக் கல்யாணம் பேசுவார்கள் என்று பெண்பிள்ளை கணக்கிடுகிறாள். அவள் கணக்குத் தவறென்று சொல்ல முடியாது. அப்படி நடந்த வீடுகளை அவள் பார்த்திருக்கிறாள். 18 வயதுக்கு முன் செய்யும் திருமணம் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அது மிரட்டலிலிருந்து அவளைக் காப்பதும் இல்லை. எனவே தொல்லை எதுவும் நேராத இன்றைக்கே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்: ‘என்ன நடந்திருந்தாலும் எங்களிடம் சொல். அடிக்க மாட்டோம். பள்ளியை நிறுத்த மாட்டோம்.’ அந்த உறுதிமொழி உண்மையாகவும் இருக்க வேண்டும்.

தொழில்நுட்பக் காப்புகளும் உண்டு. ஆனால் நம் ஊரில் அவை பெரும்பாலும் வேலை செய்யாததற்கு ஓர் எளிய காரணம் இருக்கிறது. கைப்பேசி வாங்கிய கடையிலேயே யாரோ ஒருவர் வாய்க்கு வந்த பிறந்த ஆண்டை இட்டுக் கணக்கைத் தொடங்கித் தந்துவிடுகிறார். அக்கணக்குக்குரியவருக்கு வயது 35 என்று நம்பும் நிறுவனம் எந்தத் தடையும் வைப்பதில்லை. பிள்ளை பயன்படுத்தும் கணக்கின் பிறந்த நாளைச் சரிபார்த்து, உண்மை வயதுடன் தனிக் கணக்கு தொடங்கி, ஃபேமிலி லிங்க் செயலியால் உங்கள் கணக்குடன் இணையுங்கள். வாட்ஸ்அப்பில் முகப்படத்தைத் தொடர்பில் உள்ளவர் மட்டும் காணுமாறு மாற்றுங்கள். பள்ளிச் சீருடையும் அடையாள அட்டையும் தெரியும் படங்களைப் பொதுவில் இடவேண்டாம். இரவில் கைப்பேசி பெரியவர்கள் உறங்கும் இடத்தில் மின்னூட்டம் பெறட்டும். உங்களுடைய கைப்பேசியும் அங்கேயே இருக்கட்டும்.

‘விழிப்புணர்வுக்காகப் பகிருங்கள்’ என்று வரும் காணொளி

ஒரு குழந்தை துன்புறுத்தப்படும் காணொளி ஊர்க் குழுவில் வருகிறது. ‘இவன் பிடிபடும் வரை பகிருங்கள்’ என்ற வரியும் உடன் வருகிறது. நல்லெண்ணத்துடன் பகிர்கிறோம். இது சட்டப்படி கடுமையான குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவின்கீழ் முதல் முறையே 5 ஆண்டு வரை சிறையும் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

பகிராமல் வைத்திருந்தால் என்ன என்ற கேள்வி தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சென்னையில் பதிவான அவ்வழக்கில், குழந்தைகள் இடம்பெற்ற ஆபாசக் காணொளியைத் தரவிறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் வழக்கை முடித்துவைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அத்தகைய காணொளியை அழிக்காமலும் காவல்துறைக்குத் தெரிவிக்காமலும் வைத்திருப்பது பரப்பும் எண்ணத்தைக் காட்டக்கூடும், போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதைத் தண்டிக்கிறது என்று விளக்கியது. குழந்தை ஆபாசம் என்ற சொல்லையே கைவிட்டு, குழந்தைப் பாலியல் சுரண்டல் மற்றும் வன்கொடுமை உள்ளடக்கம் என்று குறிப்பிட வேண்டும் என்றது. ஆபாசம் என்றால் விரும்பி நடித்தது போலாகிவிடும். உண்மையில் அது ஒரு குற்றத்தின் பதிவு. அதே தீர்ப்பில், பள்ளிகளில் முறையான பாலியல் கல்வி தேவை என்பதையும், அதைப் பற்றி நம்மிடையே நிலவும் தவறான எண்ணங்களையும் நீதிமன்றம் விரிவாக எடுத்துரைத்தது. ஒரு குற்றவியல் தீர்ப்பு அவ்வாறு பேச நேர்ந்ததே நிலைமையைச் சொல்லும்.

‘என் போனில் இருப்பது யாருக்குத் தெரியும்’ என்பாருக்கு ஒரு விளக்கம். இத்தகைய கோப்புகள் தம் தளத்தில் தென்பட்டால் அமெரிக்க நிறுவனங்கள் அந்நாட்டின் குழந்தைப் பாதுகாப்பு மையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். 2019 ஏப்ரலில் அம்மையத்துடன் நம் தேசியக் குற்றப் பதிவு ஆணையகம் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அத்தகவல் மாநிலக் காவல்துறைக்கு வந்துசேர்கிறது. மேற்சொன்ன சென்னை வழக்கே அவ்வாறு தொடங்கியதுதான். வகுப்புத் தோழியின் படத்தைப் பகிரும் மாணவனுக்கும் இது பொருந்தும். 18 வயது நிறையாதவன் என்றால் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க நேரும்.

படம் கைமீறிப் போய்விட்டால்

பணம் அனுப்பாதீர்கள், அனுப்பினால் மறுநாள் மீண்டும் கேட்பார்கள். கெஞ்சவோ திட்டவோ வேண்டாம். உரையாடலை அழித்துவிடாமல், கணக்கின் பெயர், எண், நேரம் ஆகியவை தெரியும்படி திரைப்படிவம் எடுத்துவைத்த பின்னர் அக்கணக்கைத் தடைசெய்யுங்கள். குழந்தையின் அந்தரங்கப் படத்தை மட்டும் ஆதாரத்திற்காகக்கூட உறவினருக்கோ ஆசிரியருக்கோ அனுப்பாதீர்கள். கைப்பேசியை அப்படியே காவல்துறையிடம் காட்டினால் போதும். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில், பெண்கள் மற்றும் குழந்தைகள் பகுதியில் பெயர் குறிப்பிடாமலும் புகார் பதியலாம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

18 வயதுக்குட்பட்டோரின் படங்களை நீக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை 2023 முதல் இயங்கிவருகிறது. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கைப்பேசியிலேயே அப்படத்துக்கு விரல்ரேகை போன்ற ஓர் எண்குறி உருவாகி, அக்குறி மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலிய தளங்களுக்குச் செல்லும்; அத்தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டறிந்து நீக்கும். இச்சேவையில் இணையாத தளங்களிலும், வாட்ஸ்அப் போன்ற மறையாக்கம் செய்யப்பட்ட உரையாடல்களிலும் இது பயன்படாது.

குழந்தை வந்து சொன்னால், மருத்துவமனைக்கு வந்தால்

உடல் வழித் தொல்லையாக இருந்தாலும் இணைய வழித் தொல்லையாக இருந்தாலும் குழந்தை வாய்திறந்ததும் நீங்கள் சொல்லவேண்டியவை சில சொற்களே: சொன்னது நல்லது, உன்மேல் தவறில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன். ‘ஏன் அப்போதே சொல்லவில்லை’ என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு வரும் ஒவ்வோர் உறவினரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். குற்றம் செய்தவரிடம் நீங்களே போய்ப் பேசி முடிக்க முயலாதீர்கள்; சாட்சியங்கள் அழிவதும், குழந்தை மிரட்டப்படுவதும் அவ்விடத்தில்தான் நிகழ்கின்றன.

பாலியல் வன்கொடுமை நேர்ந்திருந்தால் 72 மணி நேரம் என்ற கணக்கை நினைவில் வையுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை அதற்குள் தொடங்க வேண்டும்; முதல் சில மணி நேரத்திற்குள் தொடங்கினால் மிக நன்று. அவசரக் கருத்தடை மாத்திரையின் பயனும் நேரம் செல்லச் செல்லக் குறையும். இயன்றால் குளிப்பாட்டாமல், உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் கொண்டுவாருங்கள். குளித்துவிட்டாலும், பல நாட்கள் கடந்துவிட்டாலும் தயங்காமல் வாருங்கள். சிகிச்சைக்குக் காலம் கடப்பதில்லை. முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவரும் சொல்லக் கூடாது. அரசு மருத்துவமனையாயினும் தனியாராயினும் முதலுதவியும் சிகிச்சையும் கட்டணமின்றித் தரப்பட வேண்டும் என்பது சட்டம். பெண்குழந்தையைப் பெண் மருத்துவரே, குழந்தை நம்பும் ஒருவரின் முன்னிலையில் சோதிப்பார். இரு விரல் சோதனை என்ற பழைய இழிமுறையை உச்ச நீதிமன்றம் 2022-இல் மீண்டும் கண்டித்துத் தடுத்துள்ளது. அதற்கு யாரும் உடன்பட வேண்டியதில்லை. காவல்துறையினர் சீருடையின்றி, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெற வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 1098-ஐ அழைத்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு உடன் வரும்.

ஒரு கடினமான செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 18 வயதுக்குட்பட்ட குழந்தையிடம் பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும், மருத்துவர் உட்பட, அதைத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. இருவரும் விரும்பிப் பழகிய 17 வயதுப் பெண் கருவுற்றிருந்தாலும் இவ்விதி பொருந்தும். இதற்கு அஞ்சியே சில குடும்பங்கள் மருத்துவமனையைத் தவிர்த்து, மருந்துக்கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிக் கொடுக்கின்றன. கடும் இரத்தப்போக்குடன் நள்ளிரவில் கொண்டுவருகின்றன. அந்நிலையில் உயிரைக் காப்பதே போராட்டமாகிவிடும். உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் இதற்கு ஓரளவு வழிசெய்தது. கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டியதில்லை. சட்டப்படி சிறுமிகளுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்பு செய்யலாம். வாரங்கள் கூடக்கூட ஆபத்தும் கூடும். எனவே மாதவிடாய் தவறிய ஐயம் எழுந்த உடனே வாருங்கள்.

உயிரைப் பற்றிய எச்சரிக்கை

மிரட்டலுக்கு ஆளான பிள்ளைகள் சில மணி நேரத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முற்படலாம். திடீரென்று உண்ண மறுப்பது, கைப்பேசி ஒலித்தால் திடுக்கிடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது, தன் பொருட்களைத் தம்பி தங்கைக்குக் கொடுத்துவிடுவது ஆகியவற்றைக் கண்டால் குழந்தையைத் தனியே விடாதீர்கள். ‘சாகவேண்டும் போல இருக்கிறதா’ என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. டெலி மானஸ் 14416 எண்ணில் நாள் முழுவதும் தமிழில் ஆலோசனை கிடைக்கும், 104-ஐயும் அழைக்கலாம். மாணவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் தாங்களே பேசலாம்.

தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் பூச்சிமருந்தைப் படுக்கைக்கு அடியிலும் சமையலறைப் பரணிலும் வைக்கும் வழக்கம் இருக்கிறது. அதைப் பூட்டுள்ள பெட்டியில் வைத்துச் சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்திருங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது; பழையது வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். அதை உட்கொண்ட பிள்ளை முதல் ஓரிரு நாள் நலமாக இருப்பதுபோலவே தோன்றும். கல்லீரல் பாதிப்பு பின்னரே வெளிப்படும். ஐயம் இருந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் 108-ஐ அழைத்து, மருந்தின் உறையையும் உடன் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.